தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும் நாய்

பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்தில் நாய்க்கு வீட்டுக்குள் இடம் கிடைத்தது அண்மைக் கால சமாச்சாரம். முந்தைய தலைமுறையில் நாய் என்றால் தெருவில் படுத்திருக்கும், மிச்சம் மீதி சாதத்துக்காகத் திண்ணை ஓரம் காத்திருக்கும் பிராணி. ரேழியைத் தாண்டி அது உள்ளே வந்தால் ஆசாரம் கெட்டுவிடும். இன்று பிள்ளைகள் பெங்களூரிலும் நியூஜெர்சியிலும் இருக்கிறார்கள். நீண்ட வீட்டில் இரண்டு முதியவர்கள். பேச்சுத் துணைக்கு ஒரு லாப்ரடார் அல்லது பொமரேனியன். அது சோபாவில் படுக்கிறது. பேரக் குழந்தைகளுடன் வீடியோவில் பேசும்போது அதுவும் வந்து முகம் காட்டுகிறது. ஆசாரம் போனதில் யாருக்கும் பெரிய வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை.

இந்த அன்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாய் வீட்டுக்குள் வந்த வேகத்தில் அதன் உடம்பைப் பற்றிய அறிவு வந்து சேரவில்லை. நாய்க்கு ஊசி என்றால் பலருக்கும் வெறிநாய்க்கடி ஊசி ஒன்றுதான் நினைவுக்கு வருகிறது. அதுவும் நாயைக் காப்பாற்ற அல்ல, நம்மைக் காப்பாற்றிக்கொள்ள. நாய்க்கென்று தனியாக வரும் நோய்கள், அவற்றில் சில அதன் சிறுநீரகத்தைக் குறிவைப்பவை, அவற்றில் ஒன்று நம் சிறுநீரகத்தையும் விடாது என்பதெல்லாம் நாய் படுத்த பிறகுதான் தெரிய வருகிறது.

மழைக்காலத்தில் கால்நடை மருத்துவர்களுக்குப் பழக்கமான கதை இது. நேற்று வரை துள்ளிக்கொண்டிருந்த நாய் சாதத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போகிறது. எதையோ தின்றிருக்கும், ஒரு வேளை பட்டினி போட்டால் சரியாகிவிடும் என்கிறார் வீட்டுக்காரர். இரண்டாம் நாள் வாந்தி. மூன்றாம் நாள் முதுகை வளைத்துக்கொண்டு நிற்கிறது. பின்னங்கால்களை எடுத்துவைக்கச் சிரமப்படுகிறது. உடம்பு வலியாக இருக்கலாம் என்று வீட்டில் இருக்கும் வலி மாத்திரையில் பாதி உள்ளே போகிறது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ வாயில் ஒரு நாற்றம், கண்ணில் மஞ்சள். அப்போதுதான் ஆட்டோ பிடிக்கிறார்கள். ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் பல மடங்கு ஏறியிருக்கிறது. "வயசாயிடுத்து, கிட்னி போயிடுத்து, இனிமே ஒண்ணும் பண்றதுக்கில்லை" என்று தீர்ப்பாகிவிடுகிறது. நாய்க்கு வயது நான்காக இருந்தாலும் தீர்ப்பு மாறுவதில்லை.

'கிட்னி போயிடுத்து' என்ற இரண்டு சொற்களுக்குள் இரண்டு வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, ஆண்டுக்கணக்கில் சிறுநீரகம் மெல்லத் தேய்ந்துபோவது. போன பகுதி திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். மற்றது, கிருமியாலோ விஷத்தாலோ சிறுநீரகம் திடீரென்று அடிபட்டு வேலையை நிறுத்துவது. சரியான நாளில் சரியான மருந்து போனால் இது பெருமளவு மீளக்கூடியது. முதலாவது என்று நினைத்து இரண்டாவதைக் கைவிடுவதுதான் பல நாய்களின் உயிரை வாங்குகிறது.

நாயின் ஒரு சிறுநீரகத்தில் சுமார் நான்கு லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. இயற்கை தாராளமாகக் கொடுத்திருப்பதால் கொஞ்சம் போனால் தெரியாது. மூன்றில் இரண்டு பங்கு பழுதான பிறகுதான் சிறுநீரைச் சுண்டவைக்கும் திறன் போகிறது. நாய் நிறையத் தண்ணீர் குடிக்கிறது, தண்ணீர் போலவே சிறுநீர் கழிக்கிறது. முக்கால் பங்கு போன பிறகே ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறுகிறது. அந்தப் பரிசோதனையில் 'நார்மல்' என்று வந்தால் சிறுநீரகம் முழுசாக இருக்கிறது என்று அர்த்தமில்லை.

வீடுகளில் நடக்கும் தவறான கணிப்பு இங்கேதான். "நன்னா தண்ணி குடிக்கறது, தாராளமா மூத்திரம் போறது, கிட்னியில் என்ன கோளாறு இருக்க முடியும்?" என்கிறார்கள். அந்தத் தாராளம்தான் கோளாறு. இரவில் எழுந்து வந்து தண்ணீர்க் கிண்ணத்தை நக்கும் நாய், பழக்கமில்லாமல் கூடத்தில் ஈரம் பண்ணிவிட்டுத் தலை குனிந்து நிற்கும் நாய், திட்டு வாங்க வேண்டிய நாய் அல்ல. பரிசோதிக்கப்பட வேண்டிய நாய்.

சிறுநீரகத்தைத் திடீரென்று தாக்கும் கிருமிகளில் முதலிடம் லெப்டோஸ்பைரா என்ற திருகாணி வடிவப் பாக்டீரியாவுக்கு. தமிழில் எலிக்காய்ச்சல், கேரளத்தில் எலிப்பனி. பெயர் எலியைக் குற்றம் சாட்டினாலும் எலிக்கு இதனால் பெரிய தொந்தரவு இல்லை. கிருமி அதன் சிறுநீரகத்தில் சௌகரியமாகக் குடியிருந்து சிறுநீரோடு வெளியேறுகிறது. மழைத் தண்ணீரிலும் ஈர மண்ணிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காய்ந்த தரையிலும் வெயிலிலும் சீக்கிரம் செத்துப்போகும். அந்தத் தண்ணீரில் நாய் இறங்கினால், குடித்தால், சேற்றில் நடந்துவிட்டுக் காலை நக்கினால், தோலில் உள்ள கீறல் வழியாகவோ வாய், மூக்கு, கண்ணின் ஈரச் சவ்வு வழியாகவோ உள்ளே போகிறது. சில நாட்கள் ரத்தத்தில் சுற்றிவிட்டுச் சிறுநீரகக் குழாய்களில் தங்குகிறது. ஈரலையும் தாக்கினால் மஞ்சள் காமாலை. பிழைத்த நாய் மருந்து முழுசாகச் சாப்பிடாவிட்டால், மாதக்கணக்கில் தானும் சிறுநீரில் கிருமியை விட்டுக்கொண்டிருக்கும்.

கல்பாத்தி போன்ற ஊரின் அமைப்பை நினைத்துப் பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள். ஒரு கூரையில் ஏறும் எலிக்குத் தெரு முழுவதும் சொந்தம். பின்னால் கொல்லை, சாக்கடை, அப்பால் கல்பாத்திப் புழை. ஊரைத் தாண்டினால் கேரளத்தின் நெற்களஞ்சியம் என்று பெயர் வாங்கிய பாலக்காட்டு வயல்கள். ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் துலாவர்ஷம். அது முடிகிற சமயத்தில், நவம்பரில், விசுவநாத ஸ்வாமி கோயில் தேர்த்திருவிழா. ஆயிரக்கணக்கில் ஜனங்கள், தெருவெல்லாம் கடைகள், விருந்துகள். தேர் நிலைக்கு வந்த பிறகு எச்சில் இலைகளும் உணவு மிச்சமும் எத்தனை நாள் தெருவோரம் கிடக்கின்றன என்பதை மனிதர்களைவிட எலிகள் துல்லியமாக அறியும். இது கல்பாத்திக்கு மட்டுமான குறை அல்ல. கும்பகோணத்துக்கும் மாம்பலத்துக்கும் தாராவிக்கும் பொருந்தும்.

நோய் பழையது. ஜெர்மனியின் ஹைடல்பர்கில் அடால்ஃப் வைல் என்ற மருத்துவர் காமாலையும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்து வரும் காய்ச்சலை 1886-ல் விவரித்தார். 1898-ல் ஸ்டட்கார்ட் நகரில் நடந்த நாய்க் கண்காட்சியை அடுத்து நாய்கள் வாந்தியெடுத்து, வாய் நாறி, கூட்டமாகச் செத்தன. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அப்போது யாரும் நினைக்கவில்லை. 1915-ல் ஜப்பானில் இனாடாவும் இடோவும் மனித நோயின் கிருமியைக் கண்டுபிடித்தார்கள். 1933-ல் நெதர்லாந்தில் நாயிடமிருந்து அதன் உறவுக்காரக் கிருமி ஒன்று பிரித்தெடுக்கப்பட்டது. நாயும் மனிதனும் ஒரே குடும்பத்துக் கிருமிகளிடம்தான் அடிபடுகிறார்கள் என்று புரிய இத்தனை காலம் ஆயிற்று.

நம் நாட்டில் அந்தமானில் 1929-லேயே டெய்லர், கோயல் என்ற இரண்டு மருத்துவர்கள் நோயாளிகளிடம் லெப்டோஸ்பைராவைக் கண்டார்கள். அதன் பிறகு ஏறக்குறைய மறந்தே போனோம். 1988 முதல் அதே அந்தமானில் நுரையீரலில் ரத்தம் கசிந்து ஜனங்கள் இறந்தபோது 'அந்தமான் ரத்தக்கசிவுக் காய்ச்சல்' என்று புதுப் பெயர் வைத்தார்கள். அது பழைய எலிக்காய்ச்சல்தான் என்று தெரியச் சில ஆண்டுகள் பிடித்தன. சென்னையில் சிறுநீரக நிபுணர் முத்துசேதுபதியும் சிவகுமாரும் சக மருத்துவர்களும் நகரத்து நோயாளிகளை ஆராய்ந்து 1995-ல் கட்டுரை வெளியிட்டார்கள். கிராமத்து வயல் நோய் என்று நினைத்தது மாநகரத்திலும் இருப்பது தெளிவாயிற்று. கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளம் வடிந்தவுடன் எலிப்பனி பரவியது. வெள்ள நீரில் இறங்கியவர்களுக்கு வாரம் ஒரு முறை 200 மி.கி. டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுக்கப்பட்டது. இன்றும் கேரளத்தில் மழை வந்தால் சுகாதாரத் துறையின் எச்சரிக்கைப் பட்டியலில் எலிப்பனிக்கு நிரந்தர இடம் உண்டு.

அந்த வெள்ளத்தில் இறங்கிய நாய்களைப் பற்றி யார் பேசினார்கள்? மனித மருத்துவர் ஒரு கட்டடம், கால்நடை மருத்துவர் வேறு கட்டடம். நாய்க்கு லெப்டோ உறுதியான வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று வீட்டாருக்குத் தோன்றுவதில்லை, "வீட்டில் நாய் இருக்கிறதா, அது நலமா?" என்று டாக்டரும் கேட்பதில்லை. அந்த ஒரு கேள்வி சில நாட்களை மிச்சப்படுத்தும். எலிக்காய்ச்சலில் சில நாட்கள் என்பது சின்ன விஷயம் அல்ல.

இதைப் படித்துவிட்டு நாயைத் தெருவில் விட்டுவிடத் துணிபவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு நாயிடமிருந்து மனிதருக்கு இது தொற்றுவது நடக்கக்கூடியது, ஆனால் அபூர்வம். பெரும்பாலும் நாமும் நாயும் ஒரே தண்ணீரிலிருந்துதான் வாங்கிக்கொள்கிறோம். நோயுற்ற நாயின் சிறுநீரைக் கையுறை போட்டுத் துடைத்து, பிளீச்சிங் கரைசல் விட்டுக் கழுவி, கையைச் சோப்புப் போட்டு அலம்பினால் போதும். நாய் நமக்கு முன்னால் படுத்தது என்றால், ஆபத்து கொல்லைப்புறம் வரை வந்துவிட்டது என்று அது சொல்லிவிட்டது. காவல் நாயின் வேலை அதுதானே.

எலியை விட்டால் அடுத்தது உண்ணி. நாயின் காது மடலிலும் விரல் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் இந்தப் பூச்சி ரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. ரத்தத்துக்குள் கிருமிகளை ஏற்றுகிறது. இந்த விஞ்ஞானத்தில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு. ஆங்கிலேயர் நரி வேட்டைக்கு வளர்த்த 'மெட்ராஸ் ஹன்ட்' நாய்களின் ரத்தத்தில் ஓர் ஒட்டுண்ணியைக் கண்டு 1910-ல் உலகுக்கு அறிவித்தவர் பேட்டன் என்ற விஞ்ஞானி. இன்று அதற்கு பபீசியா கிப்சோனி என்று பெயர். இன்னொரு உண்ணிக் கிருமி எர்லிக்கியா. 1935-ல் அல்ஜீரியாவில் அடையாளம் காணப்பட்ட இது, வியட்நாம் போரில் இருநூறுக்கும் மேற்பட்ட அமெரிக்க ராணுவ நாய்களைக் கொன்றது.

இவை சிறுநீரகத்தைக் கெடுக்கும் விதம் வேறு. கிருமியை எதிர்த்து உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள், கிருமியின் துணுக்குகளோடு பிணைந்து வடிகட்டிகளில் போய்ப் படிகிறது. சல்லடை பழுதாகி, ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. நாய் மெலிகிறது, சில சமயம் கால் வீங்குகிறது. ஜுரம் வந்து போன கதையை வீட்டில் எல்லோரும் மறந்து மாதங்கள் ஆன பிறகும் இது நடக்கலாம்.

கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு மூன்றாவது அபாயம் ஒன்று. பருவம் முடிந்து சில வாரங்களில் கருப்பையில் சீழ் கட்டுவது. இங்கேயும் முதல் அறிகுறி தாகம்தான். சீழில் உள்ள பாக்டீரியாவின் விஷம் சிறுநீரகத்தின் செயலைக் குலைக்கிறது. கிரியேட்டினினை மட்டும் பார்த்துவிட்டுக் கிட்னிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் நாய் போய்விடும். வயிற்றை ஸ்கேன் செய்து, கருப்பையை அறுவை செய்து எடுத்தால் பெரும்பாலும் சிறுநீரகம் தேறிவிடும். மூன்று காரணம், மூன்று வைத்தியம். அறிகுறியோ ஏறக்குறைய ஒன்று. பரிசோதனை ஏன் அவசியம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

சிகிச்சையில் மர்மம் ஒன்றுமில்லை. லெப்டோ என்று சந்தேகம் வந்தாலே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்து தொடங்க வேண்டும். வாந்தியெடுக்கும் நாய்க்கு முதலில் பென்சிலின் வகை ஊசி, சாப்பிட ஆரம்பித்ததும் இரண்டு வாரம் டாக்ஸிசைக்ளின். சிறுநீரகத்தில் தங்கியிருக்கும் கிருமியை வெளியேற்றுவது இந்த இரண்டாவது மருந்துதான்; நாய் தெளிந்துவிட்டதே என்று ஐந்தாம் நாள் நிறுத்தக் கூடாது. வீட்டில் வேறு நாய் இருந்தால் அதற்கும் மருந்து உண்டா என்று கேட்க வேண்டும். எர்லிக்கியாவுக்கு அதே டாக்ஸிசைக்ளின் நான்கு வாரம். பபீசியாவுக்கு வேறு மருந்துகள்.

ஆன்டிபயாடிக்கைவிட முக்கியம் நரம்பு வழியாக ஏற்றும் திரவம். ஆனால் "ரெண்டு பாட்டில் ட்ரிப் ஏத்தியாச்சு" என்பது சிகிச்சை ஆகாது. எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு சிறுநீர் வெளியே வருகிறது என்று அளக்க வேண்டும். சிறுநீர் இறங்காத நாய்க்குத் திரவத்தை ஏற்றிக்கொண்டே போனால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். எனவே இது மருத்துவமனையில் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. பாலக்காட்டுக்காரர்களுக்குத் திருச்சூர் சாலையில் மண்ணுத்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கு டயாலிசிஸ் செய்கிறார்கள். டயாலிசிஸ் நோயைக் குணப்படுத்துவதில்லை. சிறுநீரகம் தன் புண்ணை ஆற்றிக்கொள்ள அவகாசம் வாங்கித் தருகிறது. காலத்தில் தீவிர சிகிச்சை கிடைத்த லெப்டோ நாய்களில் ஐந்தில் சுமார் நான்கு பிழைக்கின்றன.

பிழைத்தவற்றில் சிலவற்றுக்கு நிரந்தரக் குறை தங்கிவிடும். அவற்றுக்கு ஆயுள் முழுவதும் கவனம் வேண்டும். பாஸ்பரஸ் குறைந்த உணவு, எப்போதும் நல்ல தண்ணீர், ரத்த அழுத்தப் பரிசோதனை, புரதம் ஒழுகினால் அதைக் குறைக்க எனலாப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற மாத்திரைகள். தாத்தா சாப்பிடும் அதே பிரஷர் மாத்திரைதான். அதற்காகத் தாத்தாவின் அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளிக் கொடுத்துவிடக் கூடாது, அளவு வேறு. தயிர் சாதம் சாத்வீகமானது, அது போதும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. பாலிலும் தயிரிலும் பாஸ்பரஸ் உண்டு. வெறும் சோற்றில் நாய்க்குத் தேவையான சத்து கிடையாது.

சமையலறையிலிருந்தே சிறுநீரகத்துக்கு ஆபத்து வருவதும் உண்டு. திராட்சையும் உலர்ந்த திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். காரணம் அவற்றில் உள்ள டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்கிறார்கள். புளி தின்ற நாய்களுக்கும் அதே பாதிப்பு வந்ததை அமெரிக்க ஆய்வுக் கட்டுரை ஒன்று 2022-ல் பதிவு செய்தது. புளிப்பும் பாயசமும் இல்லாத நாள் இல்லாத வீடுகளில் இது கவனிக்க வேண்டிய செய்தி. நமக்கான வலி மாத்திரைகள், டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகையெல்லாம், ஏற்கெனவே தள்ளாடும் சிறுநீரகத்தைக் கீழே தள்ளிவிடும். அன்போடு கொடுத்த பாதி மாத்திரை என்பதால் விளைவு பாதியாகிவிடாது.

இத்தனை சிரமத்தையும் ஓர் ஊசி பெருமளவு தவிர்த்துவிடும். நாய்க்குட்டிகளுக்குப் போடும் 'ஏழு நோய்', 'ஒன்பது நோய்' தடுப்பூசிகளில் லெப்டோஸ்பைராவின் சில வகைகளும் அடக்கம். எல்லா வகையும் அல்ல. பாதுகாப்பு ஓராண்டு அளவுக்குத்தான். குட்டியில் இரண்டு தவணை போட்டதோடு கணக்கு முடிந்தது என்று நினைக்காமல் ஆண்டுதோறும் போட வேண்டும், மழைக்கு முன்னால் என்றால் உத்தமம். 2023-ல் வெளியான சர்வதேச நிபுணர்களின் பரிந்துரை, எந்த வகை, எந்த ஊர் என்று பாராமல் எல்லா நாய்களுக்கும் ஆண்டுக்கு ஒரு முறை என்கிறது. இதோடு மாதந்தோறும் உண்ணி மருந்து.

ஆனால் ஒரு வீட்டு நாய்க்கு ஊசி போட்டால் தெருவின் தண்ணீர் சுத்தமாகிவிடாது. தெரு நாய்களுக்கான 2023-ன் விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் கருத்தடையையும் வெறிநோய்த் தடுப்பூசியையும் பற்றியவை. லெப்டோ அந்தக் கணக்கில் இல்லை. எலியைப் பற்றி யாருக்கும் விதி இல்லை. தெரு நாய்களை என்ன செய்வது என்று கேரளம் ஆண்டுக்கணக்கில் தொண்டை வறளச் சண்டை போடுகிறது. அந்த நாய்களையும் எலிகளையும் சேர்த்து வளர்க்கும் குப்பைமேடுகளைப் பற்றிய சண்டையில் அவ்வளவு உற்சாகம் இல்லை. தேர்த்திருவிழாவை இத்தனை நேர்த்தியாக நடத்தத் தெரிந்த ஊருக்கு, மறுநாள் இலைகளை அகற்றவும் மழைக்கு முன் சாக்கடையைத் தூர்வாரவும் நகராட்சியை விரட்டத் தெரியாதா என்ன?

அதுவரை ஒரு சின்ன வேலை நம் கையில் இருக்கிறது. தன் கிரியேட்டினின் எவ்வளவு, சர்க்கரை எவ்வளவு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் முதியவர்கள் நிறைந்த சமூகம் இது. ஆண்டுக்கு ஒரு முறை, ஊசிக்கு அழைத்துப் போகிற நாளில், காலையில் நாய் கழிக்கும் முதல் சிறுநீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகலாம். அதன் அடர்த்தியையும் புரதத்தையும் பார்க்க அதிக நேரமோ பணமோ ஆகாது. கிரியேட்டினின் ஏறுவதற்கு வெகு நாள் முன்பே அந்தச் சில சொட்டுகள் சேதி சொல்லிவிடும். பிள்ளைகள் தொலைவில் இருக்கும் வீட்டில், வாசலில் கார் நின்றால் எழுந்து போய்ப் பார்க்க இருப்பது அந்த ஒரு ஜீவன்தான். அதன் எண்ணையும் நம் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை.